மாயர் நகரம் பலெங்கே

ஒரு நாட்டின் பழஞ்சரித்திரத்தை அறிவதற்கு இருவகைச் சான்றுகள் நமக்கு உதவுகின்றன. அந்நாட்டு மக்கள் கட்டிய கட்டடங்களும் செய்த பொருள்களும் ஒருவகை. அவர்கள் எழுதி வைத்த எழுத்துகள் மற்றொரு வகை. அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கட்டடங்கள் சொல்லும். அவர்கள் யார், அவர்களுடைய பெயர் என்ன, எதனை எண்ணி மகிழ்ந்தனர், எதனை எண்ணி வருந்தினர் என்பவற்றை எழுத்துத்தான் சொல்லும். எழுத்து கண்முன்னே இருந்தும் அதனைப் படிக்க வல்லார் உலகில் ஒருவரும் இல்லாமற் போனால் என்ன ஆகும்? அம்மக்கள் பெயரற்றவர் ஆவர். அவர்களைப் பற்றி எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்னும் நிலை உண்டாகும். மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலாவிலும் அவற்றை அடுத்த நாடுகளிலும் சிறந்து விளங்கிய மாயர் என்னும் மக்களுக்கு இந்நிலையே நேர்ந்தது. இழந்த பெயரை அவர்கள் எவ்வாறு மீண்டும் பெற்றனர் என்பதைப் பலெங்கே என்னும் ஒரு நகரத்தைக் கொண்டு இன்று காண்போம்.

மெக்சிகோ நாட்டின் தென்கோடியில் சியாப்பாஸ் என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் மலைத்தொடர் வடக்கே இறங்கி, தபாஸ்கோ சமவெளியோடு கலக்கும் இடத்தில், மலைச்சரிவின் மீது பலெங்கே நகரம் அமைந்திருக்கிறது. பின்புறம் அடர்ந்த காடு. முன்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. மழை மிகுதியாகப் பெய்யும் நாடு அது. மலையிலிருந்து பல ஓடைகள் நகரத்தின் ஊடே பாய்ந்து இறங்குகின்றன. ஆதலின் மாயர் இந்நகரத்துக்கு ‘லக்கம்ஹா’ என்று பெயரிட்டனர். ‘பெரிய நீர்’ என்பது அதன் பொருள். பலெங்கே என்பது பிற்காலத்தில் ஸ்பானியர் இட்ட பெயர். அதற்குக் கோட்டை வேலி என்று பொருள்.

ஊரின் நடுவே பாயும் ஓட்டோலும் என்னும் ஓடையை மாயர் கல்லால் கட்டிய வளைவு மூடிய கால்வாய்க்குள் செலுத்தினர். மேலே மக்கள் நடமாடும் முற்றம்; கீழே ஓடும் நீர். வேறோர் இடத்தில் நிலத்தடிக் கால்வாயின் முடிவைத் திடீரென்று குறுகலாக்கி, நீர் விசையுடன் பீறிட்டு எழும்படி அமைத்திருந்தனர் என்று ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். இவ்வளவு வேலைகளையும் செய்த மக்களிடம் இரும்புக் கருவி இல்லை, பாரம் இழுக்கும் விலங்கு இல்லை, வண்டியும் இல்லை. கல்லைக் கல்லால் செதுக்கி, சுண்ணாம்பைச் சுட்டு, மனிதர் தோளிலே சுமந்து கொண்டுவந்து கட்டிய நகரம் இது. 1998 முதல் 2000 வரை நடைபெற்ற நில அளவையில் 1,481 கட்டடங்களின் அடையாளங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்டவை மிகச் சிலவே. எஞ்சியவை இன்றும் மரவேர்களின் பிடியில் மண்ணுக்குள் கிடக்கின்றன.

நகரின் நடுவே உயர்ந்த மேடையின் மேல் அரண்மனை நிற்கிறது. முற்றங்களும் தாழ்வாரங்களும் சூழ்ந்த அதன் நடுவில் நான்கு நிலைக் கோபுரம் ஒன்று எழுகிறது. மாயர் நகரங்களில் இத்தகைய கோபுரத்தைக் காண்பது அரிது. சுவர்களிலும் தூண்களிலும் சுண்ணச் சாந்தினால் செய்த மனித உருவங்கள் புடைத்து நிற்கின்றன. அரண்மனைக்கு அருகே, படிப்படியாக உயர்ந்து செல்லும் பிரமிடின் உச்சியில் ஒரு கோயில் உண்டு. அதன் உட்சுவர்களில் பதித்த மூன்று பெருங் கற்பலகைகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இதனால் இதனைக் கல்வெட்டுக் கோயில் என்று வழங்குகின்றனர். நம் வரலாற்றின் மையம் இக்கோயில்தான்.

காட்டுக்குள் மறைந்து கிடந்த இந்நகரத்தை வெளியுலகம் அறிந்தது பதினெட்டாம் நூற்றாண்டிலே. 1787-ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசின் ஆணைப்படி அன்டோனியோ தெல் ரீயோ என்னும் படைத்தலைவர் இங்கு வந்து, மரங்களை வெட்டி, இடிபாடுகளைத் துருவிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை 1822-இல் லண்டனில் அச்சாயிற்று. அது முதல் கற்பனைகள் பெருகின. இவ்வளவு சிறந்த நகரத்தை அமெரிக்கப் பழங்குடியினர் கட்டியிருக்க இயலாது என்று பலர் கருதினர். எகிப்தியர் கட்டினர் என்றார் ஒருவர்; பினீசியர் என்றார் மற்றொருவர்; கடலில் மூழ்கிய கண்டத்தார் என்றார் இன்னொருவர். 1840-ஆம் ஆண்டில் ஜான் லாய்டு ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கரும், பிரெடரிக் காதர்வுட் என்னும் ஆங்கில ஓவியரும் கொட்டும் மழையிலும் கொசுக்கடியிலும் இங்கே தங்கி ஆராய்ந்தனர். இவை எகிப்தையோ வேறு எந்த நாட்டையோ பார்த்துச் செய்தவை அல்ல, இந்நிலத்து மக்களின் முன்னோர் தாமே கண்ட கலை என்று ஸ்டீபன்ஸ் 1841-இல் வெளியிட்ட நூலில் உறுதியாக எழுதினார். கல்லில் உள்ளவை அம்மக்களின் சரித்திரமாகவே இருக்கும் என்றும் அவர் நம்பினார். ஆனால், படித்துக் காட்டுவார் ஒருவரும் இல்லை.

ஏன் இல்லாமற் போயினர்? ஸ்பானியர் மாயர் நாட்டை வென்ற பிறகு, 1562-ஆம் ஆண்டு ஜூலையில், யுகத்தான் பகுதியிலுள்ள மானி என்னும் ஊரில் தியேகோ தே லாண்டா என்னும் பாதிரியார் மாயர்களின் ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். அவற்றில் பேய்வழிபாடே உள்ளது என்பது அவர் எண்ணம். எத்தனையோ தலைமுறைகளின் கணிதமும் வானநூலும் வரலாறும் சாம்பலாயின. இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியுள்ள மாயர் ஏடுகள் நான்கே. எழுதப் படிக்கத் தெரிந்த மாயரும் காலப்போக்கில் மறைந்தனர். எனினும், ஏடுகளை எரித்த அதே லாண்டா, மாயரின் வாழ்க்கை முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதில் மாயர் எழுத்துகள் சிலவற்றையும் குறித்து வைத்தார். அழித்தவர் கையாலேயே ஒரு திறவுகோலும் எஞ்சியது. அந்நூலின் படி ஒன்று 1862-இல் ஸ்பெயின் நாட்டு நூல்நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆயினும், அத்திறவுகோலைப் பூட்டில் இட்டுத் திருப்ப மேலும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இப்போது கல்வெட்டுக் கோயிலுக்குத் திரும்புவோம். 1949-ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டோ ரூஸ் என்னும் மெக்சிகோ நாட்டு அகழ்வாராய்ச்சியாளர் அக்கோயிலின் தரையை உற்று நோக்கினார். தரையில் பாவியிருந்த ஒரு பெரிய பலகைக் கல்லில் இரு வரிசையாகத் துளைகள் இருந்தன. அத்துளைகள் கல் அடைப்பான்களால் மூடப்பட்டிருந்தன. அன்றியும், கோயிலின் சுவர்கள் தரையோடு நிற்காமல் அதற்கும் கீழே இறங்குவதாக அவருக்குத் தோன்றியது. தரைக்குக் கீழே ஏதோ இருத்தல் வேண்டும் என்று உய்த்துணர்ந்து அக்கல்லைத் தூக்குவித்தார். கீழே படிக்கட்டு ஒன்று தொடங்கியது. ஆனால், அதன் வழி முழுவதும் கல்லும் மண்ணும் இட்டுக் கெட்டியாக அடைக்கப்பட்டிருந்தது.

அந்த அடைப்பை அகற்ற நான்கு பருவங்கள் தேவைப்பட்டன. காற்றோட்டம் இல்லாத குறுகிய வழியில், விளக்கு வெளிச்சத்தில், ஈரப் புழுக்கத்தில் தொழிலாளர் கல்லைக் கல்லாகப் பெயர்த்து மேலே ஏற்றினர். படிக்கட்டு பாதி வழியில் திரும்பி மேலும் கீழே இறங்கியது. அடியில் ஒரு சுவர். அதன் அருகே மட்பாண்டமும் பச்சை மணிகளும் சிப்பிகளும் ஒரு முத்தும் வைத்த காணிக்கைப் பெட்டி. அதனையும் கடந்தால் ஐந்தாறு பேருடைய எலும்புகள். தலைவனோடு உடன் செல்வதற்காகப் பலியிடப்பட்டவர்கள் அவர்கள் என்று கருதுகின்றனர். இறுதியில் முக்கோண வடிவான கற்கதவு ஒன்று நின்றது. 1952-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் அக்கதவு நகர்த்தப்பட்டது.

கோயிலின் தரைக்கு இருபது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஏறத்தாழ 9 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 7 மீட்டர் உயரமும் உடைய ஓர் அறையை ரூஸ் கண்டார். பல நூற்றாண்டுகளாகச் சொட்டிய சுண்ணநீர் உறைந்து வெண்ணிறத் திரைகளைப்போல் தொங்கிக் கொண்டிருந்தது. சுவர்களில் ஒன்பது சுண்ண உருவங்கள் காவலர்போல் நின்றன. அறையின் பெரும்பகுதியையும் ஒரே கல் அடைத்துக் கொண்டிருந்தது. 3.8 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் உள்ள அக்கல்லின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய சிற்பம். முதலில் இதனைப் பலிபீடம் என்றே எண்ணினர். அதே ஆண்டு நவம்பர் மாத இறுதியில், மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்து, மோட்டார் வண்டியைத் தூக்கும் ஜாக்கிகளைக் கொண்டு அதனை மெல்ல மெல்ல உயர்த்தினர். அது பலிபீடம் அன்று. கற்பேழையின் மூடி என்பது அப்போது விளங்கியது.

பேழைக்குள் ஒரு மனிதர் உறங்கிக் கொண்டிருந்தார். முகத்தில் பச்சைக்கல் துண்டுகளை ஒட்டிச் செய்த முகமூடி. கழுத்திலும் மார்பிலும் கைகளிலும் பச்சைக்கல் அணிகள், விரல்தோறும் மோதிரம். ஒரு கையில் கனசதுர வடிவான பச்சைக்கல். மற்றொரு கையில் உருண்டையான பச்சைக்கல். எலும்புகளின் மேல் செந்நிறத் தூள் படிந்திருந்தது. பேழையும் மூடியும் படிக்கட்டின் வழியே இறக்க முடியாத அளவு பெரியவை. ஆதலின், கல்லறையை முதலில் அமைத்து, அதன் மேலேயே பிரமிடையும் கோயிலையும் எழுப்பினர் என்பது தெளிவாயிற்று. அமெரிக்கப் பிரமிடுகள் கோயிலைத் தாங்கும் மேடைகளே அன்றிக் கல்லறைகள் அல்ல என்று அதுவரை கொண்டிருந்த கொள்கை அன்றோடு மாறியது. பேழையின் பக்கத்திலிருந்து படிக்கட்டின் ஓரமாக ஒரு கல்குழாய் மேல்வரை சென்றது. இறந்தவருக்கும் இருப்பவர்க்கும் இடையே மூச்சுக்காற்று சென்று வர அமைத்த வழி அது என்பர்.

யார் இவர்? தலைமாட்டிலும் மூடியின் விளிம்பிலும் எழுத்துகள் இருந்தன. ஆனால், அவற்றுள் நாட்களைக் குறிக்கும் குறிகளை மட்டுமே அன்று படிக்க முடிந்தது. மாயரின் எழுத்து நாட்கணக்கையும் கோள்களையும் மட்டுமே சொல்லும், மனிதர் சரித்திரத்தைச் சொல்லாது என்பது அக்காலத்துப் பேரறிஞர்களின் முடிவாக இருந்தது. எனவே, பேழையில் இருந்தவர் பெயரற்றவராகவே இருந்தார்.

கல்லறை திறக்கப்பட்ட அதே 1952-ஆம் ஆண்டில், மாயர் நாட்டைக் கண்ணாலும் கண்டிராத ஓர் இளைஞர், லெனின்கிராடு நகரத்தில் இருந்துகொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். யூரி கினோரோசவ் என்பது அவர் பெயர். லாண்டா குறித்து வைத்தவை தனித்தனி ஒலியெழுத்துகள் அல்ல, அசை எழுத்துகள் என்று அவர் கூறினார். நம் தமிழில் ‘க’, ‘கு’ என்னும் உயிர்மெய் எழுத்துகள் மெய்யும் உயிரும் சேர்ந்து நிற்பதை நாம் அறிவோம். மாயர் எழுத்திலும் பல குறிகள் அத்தகையவையே. அவர் காட்டிய சான்று எளியது. ஏட்டில் வான்கோழியின் படத்துக்கு மேலே இரு குறிகள் உள்ளன. மாயர் மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’. நாயின் படத்துக்கு மேலேயும் இரு குறிகள், நாய் ‘ட்ஸுல்’. முதற்சொல்லின் இறுதிக் குறியும் இரண்டாம் சொல்லின் முதற்குறியும் ஒன்றே. படமும் மொழியும் எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்தின. எனினும், எரிக் தாம்சன் முதலிய மேனாட்டு அறிஞர்கள் இதனை ஏற்க மறுத்தனர். சொன்னவர் சோவியத்து நாட்டவர் என்பதும் அம்மறுப்புக்கு ஒரு காரணமாயிற்று.

உண்மை மெல்ல மெல்ல வென்றது. பலெங்கே பேழையில் மனிதர்களின் பெயர்களே எழுதப்பட்டுள்ளன என்று ஹைன்ரிக் பெர்லின் 1959-இல் காட்டினார். வேறொரு மாயர் நகரத்தின் கற்கள் அரசர்களின் பிறப்பையும் முடிசூட்டலையும் கூறுகின்றன என்று தத்தியானா புரோஸ்கூரியாக்கோவ் என்னும் அம்மையார் 1960-இல் நிறுவினார். 1973-ஆம் ஆண்டில் பலெங்கேயிலேயே அறிஞர்கள் கூடிய மாநாட்டில் லிண்டா ஷீலி, பீட்டர் மாத்யூஸ், பிளாய்டு லௌன்ஸ்பரி ஆகியோர் இந்நகரத்து அரசர்களை வரிசைப்படுத்தினர். பேழையில் உறங்கியவர் பெயர் அங்கே வெளிப்பட்டது. சில இடங்களில் அப்பெயர் ஒரு கேடயத்தின் உருவமாக வரையப்பட்டிருந்தது. வேறு சில இடங்களில் ப, க, ல என்னும் மூன்று அசைக்குறிகளால் எழுதப்பட்டிருந்தது. கேடயத்தைக் குறிக்கும் மாயர் சொல்லும் அதுவே. இவ்வாறு கினிச் ஹனாப் பக்கால் என்னும் பேரரசர் தம் பெயரை மீண்டும் பெற்றார்.

பெயர் தெரிந்தவுடன் வரலாறும் தெரிந்தது. பக்கால் 603-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் பிறப்பதற்குச் சற்று முன், 599-இல், கலக்முல் அரசின் படை பலெங்கேயைத் தாக்கியது. 611-இல் மீண்டும் தாக்கியது. அரசகுடி நிலைகுலைந்தது. தெய்வங்களுக்குச் செலுத்த வேண்டிய காணிக்கைகளும் அப்போது செலுத்தப்படாமல் போயின என்று கல்வெட்டே வருந்திச் சொல்கிறது. இந்நிலையில் 615-ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவனான பக்கால் அரியணை ஏறினார். அவருடைய தாய் சக்குக் அம்மையார் மகனுக்கு மணிமுடியை நீட்டும் காட்சி அரண்மனைக் கற்பலகை ஒன்றில் செதுக்கப்பட்டுள்ளது. அச்சிறுவர் 68 ஆண்டுகள் ஆண்டார். வீழ்ந்த நகரை எடுத்து நிறுத்தினார், அரண்மனையை விரிவாக்கினார், தம் இறுதிக்காலத்தில் தமக்கே கல்லறை அமைக்கத் தொடங்கினார். 683-இல் எண்பதாம் வயதில் இறந்தார். மகன் கான் பலாம் கோயிலைக் கட்டி முடித்தார்.

மாணவர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. எலும்புகளை முதலில் ஆராய்ந்த மருத்துவ அறிஞர்கள் இறந்தவருக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வயதே இருக்கும் என்றனர். கல்வெட்டோ எண்பது என்கிறது. எலும்பை நம்புவதா, எழுத்தை நம்புவதா? அரசர்கள் தம் புகழுக்காகப் பொய் எழுதியிருக்கக் கூடாதா என்ற கேள்வியும் எழுந்தது. கல்லறையைக் கண்ட ரூஸ் அவர்களே 1979-இல் இறக்கும் வரை பக்காலின் வயதைப் பற்றிய புதிய முடிவை ஏற்கவில்லை. பின்னர், புதிய முறைகளால் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதுமை எய்தி இறந்தவரின் எலும்புகளே அவை என்பது தெரிந்தது. எழுத்து பொய் சொல்லவில்லை. எனினும், ஐயம் எழுப்பியவர்கள் செய்ததும் நற்பணியே. ஐயத்தைத் தாங்கி நின்ற பிறகுதான் ஒரு செய்தி சரித்திரம் ஆகிறது.

எல்லா ஐயங்களும் அத்தகையவை அல்ல. 1968-ஆம் ஆண்டில் எரிக் பான் டேனிக்கன் என்பவர் எழுதிய ஒரு நூல், பேழை மூடியின் சிற்பம் விண்கலத்தை ஓட்டும் ஒருவரைக் காட்டுவதாகக் கூறி உலகெங்கும் விற்பனையாயிற்று. எகிப்தியர் கட்டினர் என்ற பழைய கதையின் புதிய வடிவமே இது. சிற்பத்தை மாயரின் பிற சிற்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொருள் தெளிவாகும். பாதாளத்தின் வாய் திறந்திருக்கிறது. அதன் நடுவே பக்கால் மக்காச்சோளத் தெய்வத்தின் கோலத்தில் சாய்ந்திருக்கிறார். அவர் உடலுக்கு மேலே உலகைத் தாங்கும் மரம் எழுகிறது. அதன் உச்சியில் ஒரு பறவை. மண்ணுக்குள் விழுந்த விதை முளைப்பதுபோல் அரசர் மீண்டும் எழுவார் என்பதே கருத்து. பேழையின் பக்கங்களில் அவருடைய முன்னோர்கள் பழமரங்களோடு நிலத்தைப் பிளந்துகொண்டு எழுகின்றனர். கொக்கோ மரமும் வெண்ணெய்ப்பழ மரமும் கொய்யா மரமும் அவற்றுள் உண்டு. நம் தோட்டத்துக் கொய்யா கடல் கடந்து வந்தது அந்தக் கண்டத்திலிருந்துதான்.

1994-ஆம் ஆண்டில் பக்காலின் கோயிலை ஒட்டிய மற்றொரு கோயிலில் இன்னொரு கல்லறை வெளிப்பட்டது. செந்நிறத் தூளில் மூழ்கிய ஒரு பெண்ணின் உடல் அதில் இருந்தது. செவ்வரசி என்று அவரை அழைக்கின்றனர். பக்காலின் தேவியார் அவர் என்பது பெரும்பாலோர் கருத்து. ஆனால், அப்பேழையில் ஓர் எழுத்தும் இல்லை. எழுத்து இல்லாத இடத்தில் உறுதியும் இல்லாமற் போவதை இது காட்டுகிறது.

கான் பலாம் கட்டிய மூன்று கோயில்கள் 692-இல் நிறைவெய்தின. அவருக்குப் பின் வந்த தம்பியை 711-இல் டோனினா நகரத்தார் சிறைப்பிடித்தனர். நகரம் மீண்டும் ஒருமுறை தலைநிமிர்ந்து, பிறகு மெல்லத் தளர்ந்தது. இங்கே கிடைத்த கடைசி ஆண்டுக்குறிப்பு 799. அது கல்லில் இல்லை, ஒரு மட்கலத்தில் இருக்கிறது. ஓயாத போர், பெருகிய மக்கள்தொகை, மழை பொய்த்த வறட்சி ஆகியவை மாயர் நகரங்கள் பலவும் கைவிடப்பட்டதற்குக் காரணங்கள் என்பர். நகரம் அழிந்தது, ஆனால், மக்கள் அழியவில்லை. பலெங்கேயைச் சுற்றிய ஊர்களில் சோல் என்னும் மாயர் மொழி இன்றும் பேசப்படுகிறது. கல்வெட்டுகளின் மொழிக்கு மிக நெருங்கிய உறவுடைய மொழி அது. எழுத்தைப் படிக்க முடிந்ததற்கு அம்மொழியினமே பெருந்துணையாயிற்று. தங்கள் முன்னோரின் எழுத்தை மாயர் இளைஞர்கள் இப்போது மீண்டும் கற்று எழுதுகின்றனர்.

ஆல்பர்ட்டோ ரூஸின் கல்லறையும் பலெங்கேயில், கல்வெட்டுக் கோயிலின் எதிரிலேயே இருக்கிறது. அக்கோயிலின் கற்பலகையில் வியப்பான ஒரு கணக்கு உண்டு. மாயரின் ஆண்டுச் சக்கரம் ஏறத்தாழ 52 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். பக்கால் முடிசூடிய நாள் அவ்வாறு எண்பது முறை திரும்பி வரும் நாளைக் கணக்கிட்டு அதில் பொறித்துள்ளனர். நம் கணக்குப்படி அது 4772-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அன்றும் இக்கல்லைப் படிப்பவர் இருப்பர் என்று அதனைச் செதுக்கியவர்கள் நம்பினர். இடையே ஏடுகள் எரிந்தன. படிப்பவர் இல்லாமற் போயினர். ஆயிரம் ஆண்டுகள் கல் ஊமையாய் நின்றது. பல நாட்டு அறிஞர்களின் பொறுமையாலும், தங்கள் மொழியைக் கைவிடாத எளிய மக்களின் உறுதியாலும் அது இன்று மீண்டும் பேசுகிறது. ஒரு மொழியையும் அதன் எழுத்தையும் காப்பது எத்துணைப் பெரிய கடமை என்பதைப் பலெங்கே நமக்கு உணர்த்துகிறது.